யார் கண்ணில் போட்டுப் பார்ப்பது?

ஒப்பனைப் பொருள் கம்பெனிகளில் பாதுகாப்பு மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களில் பலர் வேதியியலில் பெரிய பட்டம் வாங்கியவர்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. சிட்னிக்கு வந்து குவேக்கர்ஸ் ஹில்லில் குடியேறிய புதிதில் க்ரீம் டப்பாவுக்கு மூடி திருகத்தான் போனேன். அப்புறம் பரிசோதனைக் கூடத்தில் குடுவை கழுவினேன். கழுவிக்கொண்டே கேட்டேன், கேட்டதை வீட்டுக்கு வந்து படித்தேன். கடைசியில் "இது கடைக்குப் போகலாம்" என்று கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்து, அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

கலவை, சூடு, பதம் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விடுங்கள். அந்தக் கையெழுத்தைக் கேட்டு நாலு பக்கமும் ஆட்கள் நிற்கும்போது என்ன செய்வது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் சொல்வார்கள், "பதறாத காரியம் சிதறாது" என்று. சொல்வது சுலபம். பதற வைப்பதற்கென்றே சில ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது வேலைக்கு வந்தபின்தான் தெரியும்.

முதலில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அம்மாவைப் பற்றி. வெள்ளைக்காரம்மா, பேச்சு குறைவு, தேநீர் அதிகம். இளவயதில் அவர் வெளிநாட்டில் ஒரு கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஷாம்பூவையும் மஸ்காராவையும் முயலின் கண்ணில் விட்டுப் பார்ப்பார்கள். "ஏன் முயல்?" என்று ஒருநாள் கேட்டேன். எதிலாவது மனிதக் கண்ணுக்கு நெருக்கமாக இருக்கும், அதுதான் காரணம் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பெரிய கண், சாதுவான பிராணி, விலையும் குறைவு. சத்தம் போடாது, செல்வி. வசதி அதுதான்." அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, ஒரு முறை வசதியானது என்று யாராவது சொன்னால் யாருக்கு வசதி என்று கேட்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

இப்போது கதைக்கு வருகிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது பிளாக்டவுன் பக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணை, எனக்கு அண்ணே. நம் இந்திய, இலங்கைக் கடைகளுக்குப் பொட்டு, சந்தனம், தலைக்கு எண்ணெய் என்று செய்துகொண்டிருந்தவர், ஒரு கண்மையில் மனசை விட்டுவிட்டார். குச்சி வடிவில் வரும் மை. "அழுதாலும் கலையாது" என்று அட்டையில் போடப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதைக் கேட்டு ஒரு வெளிநாட்டுக் கடைச் சங்கிலியின் ஆள் வந்தார். பெயர் பாலாஜி. திருச்சிப் பக்கம், குடியிருப்பு மெல்பேர்னில் கிரெய்கிபர்ன். தங்கமான பையன். வாய் நிறைய மேடம், சார். அவர் கொண்டுவந்த ஆர்டர் கிடைத்தால் எங்கள் இரண்டாம் ஷிஃப்ட் நிலைக்கும். கிடைக்காவிட்டால் அந்த ஷிஃப்ட்டை மூட வேண்டியதுதான். இது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த ஷிஃப்ட்டில் மை நிரப்பும் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பிலேயே அது தெரிந்தது.

பாலாஜி உட்கார்ந்து காபி குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், எல்லாம் ஓகே. ஒரே ஒரு சம்மதம் மட்டும் வேணும். சேஃப்டி டெஸ்ட் அங்க எங்க லேப்லயே பண்ணிப்பாங்க. நீங்க எதுவும் செய்ய வேண்டாம்."

"என்ன டெஸ்ட் தம்பி?"

"வழக்கமா பண்றதுதான் மேடம். ஐ இரிட்டேஷன்."

"எப்படிப் பண்ணுவாங்க?"

"கண்ல போட்டுப் பாப்பாங்க."

"யார் கண்ல?"

பாலாஜி காபிக் கோப்பைக்குள் பார்த்தார். அதற்குள் பதில் இருக்கிற மாதிரி. "முயல் மேடம்" என்றார், பாதிக் குரலில்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை இது ஒன்றுதான். "வழக்கம்", "நடைமுறை", "ஐ இரிட்டேஷன்" என்று சொற்களைப் போர்த்திக்கொண்டு ஒரு காரியம் வரும். போர்வையை எடுக்கும்வரை கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். முயல் என்ற சொல் வாய்விட்டு வந்தபிறகு அந்த அறையில் யாருக்கும் காபி இறங்கவில்லை.

இந்த நாட்டில், ஒப்பனைக்கென்று மட்டுமே வரும் புது மூலப்பொருளுக்கு விலங்குச் சோதனையைக் கொண்டுவந்து சாட்சி சொல்ல முடியாதபடி சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் பொருளை வேறு நாட்டில் வேறு ஒருவன் முயல் கண்ணில் வைத்தால் அந்தச் சட்டம் அங்கே ஓடிப் போய்த் தடுக்காது. தடுக்கக்கூடியது என் கையெழுத்து ஒன்றுதான். நான் போட மாட்டேன் என்றேன்.

பாலாஜி போனதும் அண்ணன் கதவைச் சாத்தினார்.

"செல்வி, உங்களுக்கு விசரே? நாங்களோ செய்யப் போறம்? அவை தங்கட ஊரில செய்யினம். எங்கட கை சுத்தம்."

"ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஒரு பழமொழி இருக்குண்ணே. அடுத்தவன் கண்ணுன்னா நமக்குத் தாராளம்."

"நீங்கள் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிக்கிறியள்."

"நான் எங்கண்ணே பிடிச்சேன்? நான் விடுங்கன்னுதானே சொல்றேன்!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு அவகாசம் கேட்டேன். மனிதச் செல்களை வளர்த்து, கண்ணின் மேல்தோல் மாதிரி ஒரு மெல்லிய திசுவாக ஆக்கி, அதன்மேல் பொருளை வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. மெல்பேர்னில் ஒரு கூடம் அதைச் செய்துகொடுத்தது. மையை அங்கே அனுப்பினேன். "முயலே வேண்டாம், இதைக் காட்டி பாலாஜியிடம் பேசுகிறேன்" என்றேன். அண்ணன் தலையாட்டினார். அரை மனசுத் தலையாட்டல்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் சுத்தமானவர்கள் என்று மார்தட்ட வேண்டாம். நாம் இன்று நம்பிக்கையோடு அள்ளிப் போடுகிற பழைய மூலப்பொருள்கள் பலவும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு முயலின் கண்ணைத் தாண்டி வந்தவைதான். அந்த அறிவைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இனிமேல் வேண்டாம் என்று சொல்ல முடியும். என் வீட்டுக்காரர் இதயத்துக்கு மாத்திரை போடுகிறார். மருந்தில் இந்தக் கேள்வி வேறு, கனமானது, அதற்கு என்னிடம் சுலபப் பதில் இல்லை. கண்மை விஷயத்தில் இருக்கிறது. கண்மை இல்லாமல் யாரும் சாகவில்லை.

சரி. அந்தச் சோதனை முடிவு வருவதற்குள் அண்ணன் ஒரு காரியம் செய்தார். நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

அவர் மகள் மதுராவுக்கு அரங்கேற்றம். சிட்னியில் நம் வீட்டு அரங்கேற்றம் என்றால் உங்களுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு ஒரு படி மேல். பரமட்டா பக்கத்தில் பெரிய ஹால், ஊர் முழுக்க அழைப்பு. பாலாஜிக்கு முன்வரிசை. அந்த மேடையில் மகள் கண்ணுக்கு எங்கள் புது மைதான் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். பரதநாட்டியத்துக்குக் கண்ணில் மை அப்பி எழுத வேண்டும். மூன்று மணி நேரம் வியர்க்கும். கடைசிப் பதத்தில் பிள்ளை அழுதுகாட்டவும் வேண்டும். இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? வீட்டு விசேஷத்தில் வீட்டுச் சாமானைப் பாவிக்காமல் கடைச் சாமானைப் பாவித்தால் அது அவமானம் என்று நினைக்கும் மனிதர். எனக்குச் சொல்லாமல் மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்துப் போய்விட்டார். மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். நம்முடையதுதானே, இதற்கு யாரைக் கேட்பது என்று நினைத்தார். நம் ஆட்களிடம் "நம்முடையதுதானே" என்ற சொல்லுக்குப் பயப்படுங்கள். அங்கேதான் பாதிப் பிழை பிறக்கிறது.

அரங்கேற்றத்தன்று மதியம் நான் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். மெல்பேர்ன் கூடத்துப் பெண் போன் செய்தார். திங்கட்கிழமைவரை வைத்திருக்க மனமில்லை என்றார். மை வைத்த திசுவில் செல்கள் பிழைக்கவில்லை. கண்ணுக்குப் பாதுகாப்பானது என்று அவரால் சொல்ல முடியாது.

மை கலையாமல் இருக்க அண்ணன் ஆசையாகச் சேர்த்த கரைப்பான்மேல்தான் எனக்குச் சந்தேகம் போனது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணனுக்குச் செய்தி மட்டும் சொல்ல போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. எடுத்தது அவர் மனைவி. "அவர் மேக்கப் ரூமில நிக்கிறார் செல்வி. பிள்ளைக்கு உங்கட மை எல்லோ போடப் போகினம்!" என்றார், சந்தோஷமாக.

பாதிக் கொசுவத்தோடு காரில் ஏறினேன். பதறாத காரியம் சிதறாது என்று உங்களுக்குச் சொன்ன இதே ஆள்தான்.

மேக்கப் அறையில் மதுரா நகையெல்லாம் பூட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒப்பனைக்காரப் பெண் குச்சியின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அண்ணன் பட்டு வேட்டியில் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, அதைப் போடக் கூடாது. லேப்ல இருந்து போன் வந்துச்சு. பாஸ் ஆகலை."

அவர் முகம் மாறியது. பிறகு என்னைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"மெல்லமாக் கதையுங்கோ. வெளியில பாலாஜி இருக்கிறார். எங்கட மைதான் போடுறம் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப மாத்தினா என்ன நினைப்பார்? நான் காலமை என்ர கையில பூசிப் பாத்தனான். ஒண்டும் செய்யேல்லை."

"கையும் கண்ணும் ஒண்ணாண்ணே?"

"ஒரு நாளைக்குத்தானே செல்வி. சிலவேளை ஒண்டும் ஆகாது."

"ஆமா, ஆகாமலும் போகலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை யார் கண்ல போட்டுத் தெரிஞ்சுக்கறது?"

மெதுவாகப் பேசுகிறோம் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பின்னால் இருந்து மதுராவின் குரல் வந்தது. தலையைத் திருப்ப முடியாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, ஜஸ்ட் டெல் மீ. யெஸ் ஓர் நோ?"

"நோ, கண்ணு."

"ஓகே." கண்ணாடியிலேயே ஒப்பனைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். "யூஸ் யுவர்ஸ், ப்ளீஸ்."

அவ்வளவுதான். அவளால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, சொன்னாள். அண்ணன் மகளைப் பார்த்தபடியே நின்றார். அவர் என்ன நினைத்தார் என்று நான் அளந்துவிட மாட்டேன். ஒப்பனைக்காரப் பெண்ணின் கையிலிருந்து குச்சியை வாங்கி, மூடியைத் திருகி, இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"பாலாஜியிட்ட நான் பேசறேன்ண்ணே" என்றேன்.

"வேண்டாம். சாமான் என்ர. நான்தான் சொல்ல வேணும்."

முன்வரிசைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். இரண்டாம் ஷிஃப்ட் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனேன். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, மை சரிவரேல்லை. கண்ணுக்குக் கூடாதாம். என்ர பிள்ளைக்குப் போடேல்லை. உங்களுக்கும் இப்ப தர மாட்டன்."

பாலாஜி இருக்கையிலிருந்து எழுந்தார். பிறகு, "சார், சரக்கு விக்கிறவங்க யாரும் என்கிட்ட இப்படிச் சொன்னதில்ல" என்றார். என் பக்கம் திரும்பினார். "முயல் இல்லாமலேயே இதைக் கண்டுபிடிச்சீங்களா மேடம்?"

"முயல் இல்லாமத்தான். தம்பி, முயலுக்குக் கண்ணீர் கம்மி. நம்ம பொம்பளைங்க கல்யாணத்துல அழுற மாதிரி எந்த முயலும் அழாது. நம்ம மைக்கு அது என்ன சாட்சி சொல்லப் போகுது?"

சிரித்தார். சிரித்துவிட்டு, தன் சங்கடத்தைச் சொன்னார். "எங்க ஹெட் ஆபீஸ்ல நான் என்னன்னு பேசறது?"

"ஒரே கேள்வி கேளுங்க. முயல்ல பண்ணணும்ங்கறது உங்க ஊர் சட்டமா, உங்க ஆபீஸ் வழக்கமா?"

மேடையில் ஜதி தொடங்கியது. மதுரா அன்று ஆடியதைப் பார்த்துவிட்டு முன்வரிசையே எழுந்து நின்றது.

திங்கட்கிழமையே அந்தக் கரைப்பானை எடுத்துவிட்டு மையைத் திரும்பக் கூட்டினோம். ஒட்டும் நேரம் கொஞ்சம் குறைந்தது. "அழுதாலும் கலையாது" என்ற வாசகத்தை அண்ணன் தன் கையாலேயே கோடு கிழித்து அடித்தார். அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். புது மை திசுச் சோதனையில் தேறியது. மெல்பேர்ன் கூடத்துப் பெண் அந்தச் செய்தியையும் போனில்தான் சொன்னார், இந்த முறை சிரித்துக்கொண்டு.

அதற்குப் பிறகுதான் மனிதர் கண்ணுக்குப் போனோம், கண் மருத்துவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. யாரைக் கேட்பது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னொரு சண்டை.

"எங்கட இரண்டாம் ஷிஃப்ட் பிள்ளையளைக் கேப்பம். சந்தோஷமாப் போடுவினம்."

"போடுவாங்கண்ணே. அதனாலதான் கேக்கக் கூடாது. அவங்க வேலை இந்த மையில தொங்குது. எப்படி மாட்டேன்னு சொல்வாங்க?"

மாட்டேன் என்று சொல்ல முடியாதவர் சொல்லும் சரிக்கு மதிப்பு இல்லை, பிள்ளைகளே. கூண்டில் இருக்கும் முயலுக்காகப் பேசிவிட்டு, ஷிஃப்ட்டில் இருக்கும் பெண்ணை அதே இடத்தில் உட்கார வைத்தால் நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

நடன வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களைக் கேட்டோம். மையில் என்ன இருக்கிறது, முதல் மை ஏன் தோற்றது, எல்லாம் சொன்னோம். ஓர் அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கு வேண்டாம், நான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறன்" என்று எழுந்து போனார். எனக்கு அன்றைக்குப் பெரிய நிம்மதி அதுதான். ஒருவர் எழுந்து போக முடிந்த அறையில் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தது அவர்கள் விருப்பத்தால்தான். அவர்கள் மையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள், சமைத்தார்கள், வெங்காயம் உரித்து அழுதார்கள், நடுவே நடுவே மருத்துவரிடம் வந்து கண்ணைக் காட்டினார்கள். ஒரு கண்ணும் சிவக்கவில்லை.

முடிவுகளை பாலாஜிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். இரண்டாம் ஷிஃப்ட்டை மூடுவதா வேண்டாமா என்ற முடிவை அண்ணன் ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டார். அந்த வாரங்களில் நான் பெண்களின் முகத்தைப் பார்க்காமல் உணவறையைக் கடந்து போனேன். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்துவிட்டு விளைவுக்குக் காத்திருக்கும் காலம் கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது மாதிரி. ஆனாலும் அந்தக் கல்லோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு பிற்பகல் அண்ணனின் அறையில் இருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், அக்காவும் இருக்காங்களா?" மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. "அக்கா, நீங்க கேட்ட கேள்விய ஒவ்வொரு மேசையாக் கேட்டுட்டே போனேன். சட்டம் இல்லக்கா. இந்தப் பொருளுக்கு இப்ப அங்க அப்படி ஒரு சட்டமே இல்ல. வழக்கம்தான். யார் ஆரம்பிச்சாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியல!"

"அப்ப?" என்றார் அண்ணன்.

"உங்க ரிசல்ட்ட ஒத்துக்கிட்டாங்க சார். ஆர்டர் உங்களுக்குத்தான். அது மட்டும் இல்ல. கண் சம்பந்தப்பட்ட எந்தச் சரக்குக்கும் இனிமே அந்தச் சம்மதத்தைக் கேக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எங்களுக்குச் சரக்கு கொடுக்கற எல்லா கம்பெனிக்கும் சேர்த்து."

எங்கள் மைக்காக மட்டும் கேட்கப் போனோம். நாங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத கம்பெனிகளின் முயல்களும் அதில் சேர்ந்து தப்பித்துக்கொண்டன.

அண்ணன் போனை வைக்கக்கூட இல்லை. எழுந்து நேராகத் தொழிற்கூடத்துக்குள் போனார். அப்போதுதான் இரண்டாம் ஷிஃப்ட் ஏறியிருந்தது. ஓடுகிற லைனை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாத மனிதர், போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். குச்சிகள் வரிசையாக நின்றன. பெண்கள் பயந்து நிமிர்ந்தார்கள். சத்தம் அடங்கிய அந்தக் கூடத்தில் அவர் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். மீதியை நான் சொன்னேன்.

யாரும் உடனே கைதட்டவில்லை. நம்பத் தயங்கினார்கள். கடைசியில், தலைமுடி வலையைச் சரி செய்துகொண்டே ஒருத்தி கேட்டாள்:

"அப்ப அண்ணை, அடுத்த மாசமும் நாங்கள் வரலாமோ?"

"வரலாமோவோ?" அண்ணன் உரக்கக் கேட்டார். "வரேக்க தெரிஞ்ச ஆரும் வேலை தேடினால் அவையையும் கூட்டிக்கொண்டு வா பிள்ளை. எனக்கு ஆள் காணாது!"

அப்புறம் எழுந்த சத்தத்தில், லைனைத் திரும்ப ஓட விட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.